எத்தனை கட்டை, யாரோட? அல்சூர் மிருதங்கப் பட்டறை ஒரு மதிப்புரை

பெங்களூரில் ஹலசூரு (அல்சூர்) மெட்ரோவில் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால், எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தாலும் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்து ஒன்று வரும். பட்டறை அதற்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கூகுள் மேப்பில் தேடியும் பயனில்லை. வாசலில் மூங்கில் கழியில் காயும் தோல் வட்டங்களும், உள்ளேயிருந்து வரும் ‘நம்... நம்...’ என்ற ஒற்றைத் தட்டும்தான் அடையாளம். பெங்களூர்த் தமிழ் மிருதங்கக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே ஆள் வருகிற கடை.

உள்ளே போய் உறையைக் கழற்றியதும் பெரியவர் இரண்டு கேள்வி கேட்பார். “எத்தனை கட்டை? யாரோட?” கட்டை என்பது சுருதியின் அளவு. முதல் கேள்வியை எந்தப் பட்டறையிலும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்கிற இடம் குறைவு. வாய்ப்பாட்டா, வயலினா, பரதநாட்டியமா, இல்லை பியானோ சாக்ஸபோன் கூட்டமா என்பதைப் பொறுத்து அவர் செய்கிற வேலையே மாறுகிறது. இந்த மதிப்புரை எழுதக் காரணமும் அந்த இரண்டாவது கேள்விதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தலை, அந்த வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இடப்பக்கத் தலையான தொப்பி வேலையைப் பக்கத்தில் நின்று சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். கடம் வாங்க இங்கே போக வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னால் வாத்தியத்தைத் தயார் செய்வதில் இவர்களுக்கு இருக்கிற அனுபவம் தனி. சொன்ன தேதியில் மட்டும் வேலை முடியாது.

‘யாரோட’ என்பதற்கு ஏன் இவ்வளவு எடை? பாடகர் ஒன்றரைக் கட்டை என்று தம்புராவில் சேர்த்துக்கொண்டு, அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றால் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். மிருதங்கமும் கூடவே இறங்கும். பியானோ அப்படி இல்லை. அது அரங்கத்தில் ஏற்கெனவே யாரோ சேர்த்து வைத்த சுருதி. அதிலும் எல்லா ஊர்ப் பியானோவும் ஒன்றல்ல. A சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைப்பது பொது வழக்கம். ஐரோப்பாவில் பல அரங்குகளில் 442. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 சென்ட்தான், அரைச் சுரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் காது கண்டுபிடிக்காது. ஆனால் ஒன்றரைக் கட்டை என்பது C ஷார்ப், 277 ஹெர்ட்ஸ் அளவு. 442 கணக்கில் அது 278.4 ஆகிவிடும். பியானோவின் நீண்ட சுரத்தின் மேல் ‘தீம்’ விழும்போது வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் ஒலி அலையாக ஏறி இறங்கும். சபையில் இருப்பவர்களுக்கு ‘ஏதோ சேரவில்லை’ என்று படும். ஒலிப்பதிவில் அது பளிச்சென்று தெரியும். பெரியவர் இதைக் கணக்காகச் சொல்ல மாட்டார். “பியானோ நமக்காக எறங்காது தம்பி, நாமதான் போய்ச் சேரணும்” என்பார். அவர் மகன் போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து 440, 442 எது என்று கேட்டு அதற்கேற்ப வைத்துக் கொடுப்பார்.

இந்த ஊருக்கு இந்தத் தேவை இன்று நேற்று வந்ததல்ல. டி.ஏ.எஸ். மணி 1964-ல் இங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனைத் தொடங்கினார். அந்தக் குழுவோடும் ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ சேர்ந்து செய்த ‘ஜ்யோதி’ இசைத்தட்டு 1983-ல் ஜெர்மனியின் இசிஎம் நிறுவனத்திலிருந்து வந்தது. மரியானோ நம்ம நாகஸ்வரத்தையும் எடுத்துக் கற்றுக்கொண்டவர் என்பது தமிழர்களே பலருக்குத் தெரியாத செய்தி. சென்னையில் பிறந்து ராக் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ரமேஷ் சோதம் தவில் கற்றது இதே கல்லூரியில்தான். பிறகு ஜெர்மனியின் கொலோன் நகரில் தங்கி, ஐரோப்பிய ஜாஸ்காரர்களோடு தவில், கஞ்சிரா, கடம் என்று வாசித்துவருகிறார்.

அவர் வளர்ந்த வழியைக் கவனித்தால், இந்தப் பட்டறைக்கு வருகிற இளம் வாசிப்பாளர்களின் வழியும் அதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. காலையில் பாட்டு வாத்தியாரிடம் ஆதி தாளம். மாலையில் இந்திராநகர்ப் பக்கம் கிடாருக்கு ஏழரை அட்சரத்தில் கோர்வை. பாடம் சொல்கிற முறை இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ‘த தி தொம் நம்’ முதலில் வாயில் வந்த பிறகுதான் கைக்கு வரும். சொற்கட்டு வாயில் இருப்பதால், மிருதங்கத்தையே பார்த்திராத சாக்ஸபோன்காரருக்கும் ‘தகிட தகதிமி’ என்று சொல்லி ஏழைப் புரியவைத்துவிடலாம். ஆக, தாளத்தில் சிக்கல் வருவதில்லை. சுருதியில்தான் வரும். அதற்குத்தான் பட்டறை.

இனி வேலைக்கு வருவோம். வலந்தலையில் தோல் மூன்று அடுக்கு. வெளியே தெரிகிற வளையம் வெட்டுத் தட்டு, கன்றுத் தோல். நடுவில் முழு வட்டமாக இழுபட்டிருப்பது கொட்டுத் தட்டு, ஆட்டுத் தோல். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இன்னொரு வளையம். மூன்றையும் சேர்த்துத் தைத்துப் பின்னிய கனமான விளிம்புதான் மூட்டு. அதில் 16 கண்கள். எருமைத் தோல் வார் அந்தக் கண்கள் வழியாக இரண்டு தலைக்கும் இடையே போய்வந்து இழுத்துப் பிடிக்கிறது. நடுவில் கருப்பாக இருப்பது கரணை.

பல பேர் ‘சத்தம் சரியில்லை, வலந்தலையை மாத்திடுங்க’ என்று வந்து நிற்பார்கள். இந்தக் கடையின் நேர்மை அங்கே தெரியும். பெரியவர் முதலில் விளிம்பைச் சுற்றி 16 இடத்திலும் ‘நம்’ தட்டிப் பார்ப்பார். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இறங்கியிருந்தால் அது சுருதி விலகல். கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து அந்தக் கண்ணுக்கு நேரே மூட்டைக் கீழ்நோக்கித் தட்டி ஏற்றினால் போதும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் வார் தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்ட வேண்டும். விளிம்பில் ‘நம்’ சுத்தமாக இருந்து, ‘தீம்’ மட்டும் கரகரத்தால் கரணை போய்விட்டது, தோலுக்கு ஒன்றும் இல்லை. சாதம், அதாவது அந்தக் கருப்புப் பசை, அதை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். வெட்டுத் தட்டின் உள்விளிம்பு விரல் படும் இடத்தில் நைந்து நார் நாராகத் தெரிந்தாலோ, கொட்டுத் தட்டு கரணை ஓரத்தில் கிழிய ஆரம்பித்திருந்தாலோதான் முழு வலந்தலையும் மாற்றம். 500 ரூபாய் வேலைக்கு வந்தவரிடம் 3,200 ரூபாய் வேலையை இவர்கள் தள்ளிவிடுவதில்லை.

சாதம் போடுவதை ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிட்டான் கல்லை இடித்து, துணியில் சலித்த கருப்புப் பொடி. உப்புப் போடாமல் குழைய வடித்த சோறு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, சோற்றுப் பருக்கை ஒன்றுகூடத் தட்டுப்படாத அளவுக்குப் பிசைகிறார்கள். பழைய கரணையைச் சுரண்டி எடுத்த தோலில் முதலில் வெறும் சோற்றுப் பசையைத் தடவி, அதன் மேல் சுண்டைக்காய் அளவு கருப்பு உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் பரப்புவார் பெரியவர். உடனே வழவழப்பான கல்லால் தேய்ப்பு. பசை ஈரமாக இருக்கும்போது கல் சத்தமில்லாமல் வழுக்கும். காயக் காய ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒரே சீராக வந்த பிறகுதான் அடுத்த உருண்டை. மேலே போகப் போக வட்டம் சுருங்கும். நடுவில் கனம், ஓரத்தில் காகிதம் போல மெலிவு. அவ்வப்போது நிறுத்தி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். பாதிக்கு மேல் போன பிறகுதான் வெறும் தோல் சத்தத்திலிருந்து சுருதி பிரிந்து வரும். மூன்று மணி நேரம் சாதாரணமாக ஆகிறது.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும்? ஒரே தடவையில் பெரிய உருண்டையை வைத்தால் மேல்பகுதி காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பத்து நாளில் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். காய்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தால் பொடி உதிரும். மழைக்காலத்தில் ஃபேனைப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிற குறுக்குவழி சில இடங்களில் உண்டு. மேல்தோல் சீக்கிரம் இறுகி அதே கோளாறுதான் வரும். இங்கே ஜூலை, ஆகஸ்டில் ‘இன்னைக்குச் சாதம் போட மாட்டேன், வெயில் வரட்டும்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கச்சேரி தலைக்கு மேல் நிற்கும்போது கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் சொல்வது சரி. புதுக் கரணையில் மயிரிழை போன்ற விரிசல்கள் வருவது கோளாறு இல்லை. அந்த விரிசல்கள் இருப்பதால்தான் விறைப்பில்லாமல் தோலோடு சேர்ந்து அதிர்கிறது. துண்டு பெயர்ந்தால் மட்டும் திரும்ப வாருங்கள்.

இந்தக் கருப்பு வட்டம் என்ன செய்கிறது என்பதை விளக்கியவரும் கிட்டத்தட்ட நம்ம ஊர்க்காரர்தான். சர் சி.வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பிறகு, 1934-ல் விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண ட்ரம் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று கணக்கில் சேராது. அதனால்தான் அது சத்தமாகக் கேட்கிறதே தவிரச் சுருதியாகக் கேட்பதில்லை. நடுவில் எடையேற்றிய மிருதங்கத் தோலில் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாக ஒன்றிணைகின்றன. அவை 1, 2, 3, 4, 5 என்று தந்தி வாத்தியம் போல ஒழுங்காக வருகின்றன. ஜாஸ் மேடையில் மிருதங்கம் பியானோவோடு மோதுவதும் இதனால்தான், இழைவதும் இதனால்தான். சுருதியே இல்லாத கொட்டாக இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

பட்டறையில் இரண்டு விதமாகச் சாதம் போட்டுத் தருகிறார்கள். கரணை ஓரத்தில் தோல் அடுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்ன வைக்கோல் குச்சிகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். கல் பொடிமணிகளைப் போட்டால் கப்பி. குச்சியில் ‘நம்’மைச் சுற்றி ஒரு ரீங்காரம் இருக்கும். மைக் இல்லாத சின்ன சபையில் அது தனி அழகு. ட்ரம் கிட், பாஸ் கிடார் எல்லாம் இருக்கிற மேடைக்கு அதே ரீங்காரம் மைக்கில் போய் ‘ஸ்ஸ்’ என்று சிம்பலோடு கலந்துவிடும். அந்த இடத்துக்குக் கப்பியே மேல். பெரியவரிடம் ‘யாரோட’ என்பதற்குப் பதில் சொல்லிவிட்டால் இதை அவரே முடிவு செய்துவிடுவார். நீங்கள் குச்சிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் போட்டுத் தருவார். முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கும்.

தொப்பிக்கு வருவோம். இங்கேதான் குறை. வலந்தலையில் காட்டுகிற பொறுமை தொப்பியில் இல்லை. மகன் பார்க்கிற வேலை அது. புதுத் தொப்பியைக் கொஞ்சம் இறுக்கமாகவே விடுகிறார். கேட்டால் ‘வாசிக்க வாசிக்கத் தளரும்’ என்கிறார். தளரும்தான். ஆனால் அதற்கு ஒரு மாதம் ஆகும். அதுவரை கும்கி வராது. மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது ‘கூம்ம்’ என்று வளைந்து ஏற வேண்டிய ஒலி, பலகையைத் தட்டின மாதிரி நின்றுவிடும். தொப்பியின் சுருதியை இறக்க நடுவில் ரவைப் பசை ஒட்டுவது வழக்கம். வாங்குவதற்கு முன் அங்கேயே ரவை ஒட்டச் சொல்லி, வலந்தலைச் சட்ஜத்துக்கு (‘ஸ’) ஒரு ஸ்தாயி கீழே தொப்பி உட்காருகிறதா என்று பாருங்கள். ரவை குறைவாக வைத்தும் சுருதி மேலேயே நின்றால் தளர்த்தச் சொல்லுங்கள். செய்து கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

ரவை விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு வசதி உண்டு. உப்புமா ரவை பருமன். ஊறினாலும் நடுவில் மணல் மாதிரி நிற்கும். இங்கே எந்த அங்காடியிலும் கிடைக்கிற சிரோட்டி ரவை நன்றாக ஒட்டும். இரண்டு மேஜைக்கரண்டி ரவையில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக ஐந்து நிமிடம் பிசைந்து, தோலை ஈரத் துணியால் ஒற்றிவிட்டு நடுவில் ஒட்ட வேண்டும். ஏசி அரங்கில் ஒரு மணி நேரத்தில் ஓரம் காய்ந்து தூக்கும். பக்கத்தில் ஈரத் துணி இருக்கட்டும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தோல் பூசணம் பிடிக்கும். கரப்பான்பூச்சியும் வந்து கடிக்கும். ரவைக்குப் பதில் ஒட்டுகிற சிலிக்கோன் மாதிரியான பசையையும் பட்டறையில் விற்கிறார்கள். பாட்டு இடைவெளியில் ரவையைக் குழைத்துக்கொண்டிருக்க முடியாத கூட்டு மேடைக்கு அது சௌகரியம். கும்கியின் ஈரம் மட்டும் அதில் கிடைக்காது.

கூட்டு வாசிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடை தருகிற அறிவுரைகளில் உருப்படியானது, எத்தனை மிருதங்கம் எடுத்துப்போவது என்பது. ஜாஸ் பாட்டுகள் ஒன்று C-யில் இருக்கும், அடுத்தது G-யில், அதற்கடுத்தது F-ல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருதங்கம் தூக்க முடியாது. C-யில், அதாவது ஒரு கட்டையில் வைத்த 24 அங்குல மிருதங்கம் ஒன்று C பாட்டுக்குச் சட்ஜமாகவும், F பாட்டுக்குப் பஞ்சமமாகவும் (‘ப’), G பாட்டுக்கு மத்தியமமாகவும் (‘ம’) உட்கார்ந்துவிடும். மூன்று பாட்டுக்கும் ஒரே வாத்தியம் போதும். நிகழ்ச்சிப் பட்டியலை முன்னாலேயே வாங்கி, எல்லாப் பாட்டிலும் பொதுவாக இருக்கிற ஒரு சுரத்தைக் கண்டுபிடித்து அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் மகன். சரியான யோசனை. E மேஜரில் ஒரு கிடார் பாட்டு நடுவில் வந்தால் C எந்தக் கணக்கிலும் சேராது. அதற்குக் கஞ்சிராவை எடுங்கள். கட்டை ஏறிய பெண் குரலோ வயலினோ இருந்தால் 22 அங்குலம் தனியாக வேண்டும். 24 அங்குல மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு ஏற்றுகிறேன் என்று இழுத்தால் வலந்தலை கிழிவது உறுதி. அந்த மாதிரி கிழிந்தவை பட்டறை மூலையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும்.

போல்ட் மிருதங்கம் மகனின் பிரிவு. பண்ருட்டிப் பலாக் கட்டைதான், வாருக்குப் பதில் இரும்புக் கம்பியும் நட்டும். ஸ்பானர் போட்டு ஐந்து நிமிடத்தில் அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம். பயிற்சிக்கும் பயணத்துக்கும் நல்லது. ஆனால் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். எல்லா நட்டும் ஒரே அளவு இறுகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முடுக்கினால் வளையம் சாய்ந்து மூட்டுப் பின்னல் அறுந்துவிடும். எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருப்புவதே முறை. அடுத்து, தொப்பியை ஓங்கித் தட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். தளர்ந்த கம்பி ஒன்று இருந்தால் ‘டிங்’ என்று கூடவே பாடும். மூன்றாவது, தூக்கிப் பாருங்கள். இரும்பின் எடை மரத்தின் மேல் கூடுதல். மடியில் வைத்து இரண்டு மணி நேரம் வாசிக்கிற ஆளுக்கு அது சின்ன விஷயமல்ல.

தோலே இல்லாத மிருதங்கம் இந்தக் கடையில் இல்லை. பெங்களூர்க்காரரான டாக்டர் கே. வரதரங்கன் செயற்கைத் தலையோடு உருவாக்கிய ஸ்ரீ மிருதங்கத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். தொழில் அப்படி. ஆனால் ஈரத்துக்கு அசையாத, விமான நிலையத்தில் விலங்குத் தோல் விசாரணை இல்லாத வாத்தியம் என்ற அளவில் அடிக்கடி பறப்பவர்கள் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

விசாரணை என்றதும் கஞ்சிரா. உடும்புத் தோல் கஞ்சிராவின் ஒலிக்கு ஈடு இல்லை என்பது பழைய வாசிப்பாளர்களின் புலம்பல். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற உயிரினம். பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் உண்டு. அதோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினால் கஞ்சிரா மட்டும் போகாது, வழக்கும் கூட வரும். பட்டறையில் ஆட்டுத் தோல், செயற்கைத் தோல் கஞ்சிராக்கள் மட்டும் வைத்திருக்கிறார்கள். இதில் இவர்கள் கறார். ஆட்டுத் தோல் கஞ்சிராவின் உள்பக்கம் தண்ணீர் தடவி இறக்கும்போது மெல்ல இறங்கி, சீக்கிரமே ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டுத் தடவ வேண்டும். மிருதங்கத்தைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குள் போகும்போது தோலையும் மரத்தையும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால்தான் தொல்லை. பட்டறையில் ரசீது கேட்டால் ‘பலா மரம், ஆடு, மாட்டுத் தோல்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். பெங்களூர் மழையில் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்து சுருதி இறங்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் தோல் வறண்டு தானாகவே ஏறும். இங்கே நவம்பர் ஈரத்தில் வாரை முறுக்கி முறுக்கி ஒரு கட்டைக்கு ஏற்றி எடுத்துப்போனால், அங்கே போய் ஒன்றரையைத் தொட்டு, இறக்க இடமில்லாமல் நிற்கும். அதனால் பயண மூட்டைக்குக் கால் கட்டை குறைவாக விட்டு, கல்லும் மரக்கட்டையும் கையில் கொடுத்து அனுப்புகிறார் பெரியவர். அறுந்தால் மாற்ற இரண்டு முழம் வாரும் கேட்டு வாங்குங்கள். கொலோனில் எருமை வார் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடத்தைப் பற்றி ஒரே பத்தி போதும். அலமாரியில் ஆறேழு இருக்கும். மானாமதுரை என்பார்கள். எல்லாமே மானாமதுரை என்று தோன்றவில்லை. அந்த ஊர்க் கடத்தின் கனமும் உலோகம் போன்ற நாதமும் இரண்டில்தான் இருந்தன. கடத்தின் சுருதியைத் தட்டி மாற்ற முடியாது. உள்ளே களிமண் பிசின் ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். ஆகவே வாங்கும்போதே சுருதிப்பெட்டியோடு சரிபார்க்க வேண்டிய பொருள். இங்கே அதற்கு நிதானமாக இடம் கொடுப்பதில்லை. விக்கு விநாயக்ராம் கடத்தை எடுத்துக்கொண்டு ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பள்ளியில் பயின்ற சுகன்யா ராம்கோபால் பல சுருதிக் கடங்களை வரிசையாக வைத்துக் கட தரங்கம் என்று ராகமே வாசிக்கிறார், அவரும் இந்தப் பெங்களூரில்தான். அந்த அளவுக்குச் சுருதி முக்கியமான வாத்தியத்தை அவசரத்தில் பொறுக்கி எடுக்க முடியாது.

சனிக்கிழமை பிற்பகல் போனால் ஒரு நல்ல காட்சி கிடைக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் தங்கள் மிருதங்கத்தோடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். இதற்குப் பணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தன் வாத்தியத்தைத் தானே சுருதி சேர்க்க விடுகிறார் பெரியவர். சின்னக் கை என்பதால் கல்லைச் சாய்த்து அடிக்கும். மூட்டில் படாமல் தோலில் பட்டால் வெட்டுத் தட்டில் தழும்பு விழும். அடி விழும் முன் கையைப் பிடித்து, “கண்ணு, கட்டையை மூட்டு மேல நிறுத்து, கல்லு கட்டை மேல விழட்டும், தோலைப் பார்க்காதே” என்பார். எட்டு இடம் சரியாக வந்த பிறகு மீதி எட்டு. வாசிக்க வந்து பத்து வருடம் ஆனபிறகும் சுருதி சேர்க்கப் பக்கத்து ஆளைத் தேடுகிற வாசிப்பாளர்கள் ஊரில் நிறைய. வெளிநாட்டு மேடையில் பக்கத்து ஆள் ட்ரம்பெட்காரராக இருப்பார். பெற்றோர் வேறு எதற்காகப் போகாவிட்டாலும் இதற்காகப் பிள்ளையை அழைத்துப் போகலாம்.

விலை: சுருதி சரிசெய்து வார் இழுக்க 500, சாதம் மட்டும் 900, புது வலந்தலை 3,200, தொப்பி 2,400, இரண்டு தலையும் புது வாரும் சேர்த்து 7,500. பேரம் கிடையாது. யுபிஐ உண்டு. பட்டறை தரும் கையெழுத்து ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்காது. அலுவலகக் கணக்கில் காட்ட நினைப்பவர்கள் கவனிக்கவும்.

தேதி விஷயம் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தீராத புகார். ‘வியாழன்’ என்றால் அடுத்த திங்கள். டிசம்பர் சீசனுக்கு முன், நவம்பர் முழுக்க, பத்து நாள் என்றால் மூன்று வாரம். போன் எடுக்க மாட்டார்கள். நேரில் போய் நின்றால்தான் உங்கள் மிருதங்கம் வரிசையில் முன்னால் வரும், இது நியாயமே இல்லாத முறை. பயணம் இருந்தால் விமான டிக்கெட்டின் நகலைக் காட்டிவிட்டு, கிளம்பும் நாளுக்கு இருபத்தைந்து நாள் முன்னாலேயே கொடுங்கள். அப்போதுதான் புதுச் சாதம் ஒரு வாரம் வாசித்துப் படிந்து, ஏதாவது குறையிருந்தால் திருப்பிக் கொண்டுவர நேரம் இருக்கும். காலை பத்துக்குத் திறந்து, மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை மூடி, இரவு எட்டு வரை. செவ்வாய் விடுமுறை. போகும்போது உறையோடு உங்கள் சுருதிப்பெட்டியையும் எடுத்துப் போங்கள். கடையில் இருப்பதன் பேட்டரி எப்போதும் தீர்ந்தே இருக்கும்.